செமாக் மியூல்: பணம் அனுப்பும் முன் பார்க்க வேண்டிய தளம்

மலேசியப் போலீஸ் நடத்தும் செமாக் மியூல் தளத்தை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறேன். வங்கிக் கணக்கு எண், தொலைபேசி எண், நிறுவனத்தின் பெயர், எதைத் தட்டினாலும் அதன்மேல் போலீஸ் புகார் இருக்கிறதா என்று காட்டும். காசு கிடையாது. ஒரு விஷயம் மட்டும் கவனம்: நேற்றுத் திறந்த கணக்கின்மேல் யாரும் புகார் கொடுத்திருக்க மாட்டார்கள், அதனால் புகார் இல்லை என்று வந்தால் ஆள் நல்லவன் என்று அர்த்தமில்லை.

'உங்களுக்கு லாட்டரியில் பரிசு விழுந்திருக்கிறது, அதைப் பெறப் பணம் கட்டுங்கள்' என்று வரும் மின்னஞ்சலுக்கு இந்தத் தளம் வரை போகவே வேண்டாம். டிக்கெட் வாங்காதவருக்கு எப்படிப் பரிசு விழும்? ஆனாலும் சிலர் ஏமாந்துவிடுகிறார்களே, அவர்களைப் பேராசை என்று திட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. மோசடிக்காரன் முதலில் கேட்பது சின்னத் தொகை, கட்டியதும் வரி என்பான், அப்புறம் சுங்கம், அப்புறம் வக்கீல் கட்டணம், இத்தனை கட்டிவிட்டோமே இப்போது விட்டால் எல்லாம் போச்சே என்ற தவிப்பிலேயே கடன் வாங்கியாவது அடுத்ததைக் கட்டிவிடுகிறார்கள். 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று எழுதியிருந்தால் சந்தேகமே வேண்டாம், வீட்டில் யாராவது கேள்வி கேட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான் அது.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு உட்காராமல் உடனே வங்கிக்கும் 997க்கும் அழையுங்கள். 2022இல் தொடங்கிய தேசிய மோசடி உதவி மையத்தின் எண் அது. அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பணம் மாறுவதற்குள் சொன்னால்தான் தடுக்க வாய்ப்பு.

செமாக் மியூலை ஒருமுறை காட்டிவிட்டால் எங்கள் மாடிப் பாட்டிமாரே பார்த்துக்கொள்வார்கள்.