தனியாக டோன்கட்சு சாப்பிடப் போனால் ரோஸா, ஹிரேயா?

டோன்கட்சு என்றால் ரொட்டித் தூள் அப்பிப் பொரித்த ஜப்பானியப் பன்றிக்கறி, சுருக்கமாகக் கட்சு. ரோஸும் ஹிரேயும் அதற்கு எடுக்கும் இரண்டு வகைக் கறி. நாலு பேரோடு போனால் ஹிரே கேளுங்கள். தனியாகப் போனால் யோசிக்காமல் ரோஸ் கேளுங்கள்.

ரோஸ் பன்றியின் முதுகுக்கறி. ஒரு விளிம்பு முழுக்கக் கொழுப்புப் பட்டை ஓடும். ஹிரே முதுகெலும்பின் உள்பக்கம் இருக்கும் மெத்தென்ற சதை, அதில் கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். ஒரு பன்றியில் 1 கிலோ அளவுதான் தேறும், அதனால் பெரும்பாலான கடைகளில் விலை கொஞ்சம் கூடுதல். மேலே அப்பும் ரொட்டித் தூளும் கூட வரும் சோறு, மிசோ சூப், முட்டைகோஸ் எல்லாமும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

எதைக் கேட்பது என்பதை முடிவு செய்ய வேண்டியது சூடுதான். பன்றிக்கொழுப்பு ஏறத்தாழ 33 முதல் 46 டிகிரிக்குள் உருகும். எண்ணெயிலிருந்து எடுத்து, சற்று ஆறவிட்டு, வெட்டி வைக்கும்போது ரோஸின் கொழுப்பு உருகி இனிப்பாக இருக்கும். கடித்தால் நாக்கில் கரையும். சூடு இறங்கினால் அதே கொழுப்பு உறைந்து உதட்டில் ஒட்டும், நாலாவது துண்டிலேயே திகட்டும். ரோஸ் திகட்டுகிறது என்பவர்களில் பலர் உண்மையில் ஆறின ரோஸைச் சாப்பிட்டவர்கள். கூட்டமாகப் போனால் பேச்சு, படம் எடுப்பது, மற்றவர் தட்டு வரட்டும் என்று காத்திருப்பது என்று பத்து நிமிடம் ஓடிவிடும். தனியாளுக்கு இந்தத் தாமதம் எதுவும் இல்லை. கவுண்டரில் உட்கார்ந்தால் சமையற்காரர் வெட்டிய கட்சு பலகையிலிருந்து நேராக உங்கள் முன்னால் வந்துவிடும். ரோஸுக்குத் தேவையான சூடு அப்படித்தான் கிடைக்கும்.

சாப்பிடும் வரிசையும் இதையொட்டியதுதான். ரோஸை ஆறேழு துண்டாக வெட்டி வைப்பார்கள். ஒரு முனைத் துண்டில் மட்டும் கொழுப்பு அதிகமாக இருக்கும். வெட்டுமுகத்தில் வெள்ளைப் பகுதி பெரிதாகத் தெரிவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். முதலில் நடுத் துண்டு ஒன்றை வெறும் உப்போடு சாப்பிடுங்கள். இரண்டாவதோ மூன்றாவதோ அந்தக் கொழுப்பு முனையாக இருக்கட்டும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை ஒதுக்கி வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கொழுப்புத் துண்டுக்குக் காராஷி கடுகு விழுதைப் பட்டாணி அளவு வெட்டுமுகத்தில் தடவினால் போதும், சாஸே வேண்டாம். சாஸ் வேண்டுமென்றால் அந்தந்தத் துண்டுக்கு மட்டும் ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் மேல்மொறுப்பு நமுத்து உரிந்து வந்துவிடும்.

கட்சுக்கு அடியில் கம்பி வலை இருந்தால் கவலையில்லை. வெறும் தட்டில் வைத்திருந்தால், துண்டுகளை வெட்டுமுகம் கீழே படும்படி சாய்த்து வையுங்கள். இல்லாவிட்டால் அடிப்பக்கத் தூள் ஆவியில் ஊறிப்போகும்.

ஹிரேயின் பலம் ஆறினாலும் கெடாததுதான். மாய்சென் என்ற டோன்கட்சு கடையின் புகழ்பெற்ற சாண்ட்விச்சில் ஹிரே கட்சு வைப்பதும் பொருத்தம்தான். ஆறிய பிறகு சாப்பிடுவதற்கு ரோஸ் தாங்காது. பொட்டலம் வாங்கினால், மெதுவாகச் சாப்பிடுகிறவரென்றால், கொழுப்பு வயிற்றுக்கு ஒத்துவராதென்றால் ஹிரேதான். ஆனால் ஒரு நிமிடம் கூடுதலாகப் பொரிந்தாலும் ஹிரே வறண்டு பஞ்சாகிவிடும், காப்பாற்றக் கொழுப்பு கிடையாது. பழக்கமில்லாத கடையில் அதைக் கேட்பது துணிச்சல். டோக்கியோவின் உவேனோவில் ஹிரே மட்டுமே போடும் பழைய கடையான ஹோராய்யா இருக்கிறது, திரைப்பட இயக்குநர் ஓஸு விரும்பிப் போன இடம். அதுபோன்ற கடையில் ஹிரேயையே சாப்பிடுங்கள்.

ரோஸ் என்றதும் ‘ஜோ ரோஸ்’ (உயர்தர ரோஸ்) பக்கம் போக வேண்டாம். அது தடிமனும் கொழுப்பும் கூடியது. பங்கு போட ஆளில்லாதபோது கடைசி இரண்டு துண்டு ஆறித்தான் வாய்க்குப் போகும். 120, 150 கிராம் சாதா ரோஸ் ஒருவருக்கு நிறைவு. மட்சுனோயா போன்ற பல கிளைகள் உள்ள மலிவுக் கடைகளில் ஆயிரம் யென்னுக்குள் கிடைக்கும் ரோஸ் மெல்லியது, கொழுப்புப் பட்டையும் சின்னது. அங்கே இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, எதைக் கேட்டாலும் சரி.

வாசலில் ஒரு விரலைக் காட்டி “ஹிதோரி” (ஒருவர்) என்றால் போதும். மேசைக்காகக் காத்திருக்கும் குடும்பங்களைத் தாண்டி, காலியான ஒற்றை நாற்காலி உங்களுக்குக் கிடைத்துவிடுவதும் உண்டு. டோக்கியோவின் மெகுரோவில் 1939 முதல் இருக்கும் தொன்கி என்ற கடையில் சமையலறையைச் சுற்றியே கவுண்டர். காத்து நிற்கும்போதே ரோஸா ஹிரேயா என்று கேட்டுவிடுவார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள். மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள், செவ்வாய் விடுமுறை. தடிமனான கறியை மிதமான எண்ணெயில் பொறுமையாகப் பொரிக்கும் கடைகளில் கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் முட்டைகோஸைத் தின்று தீர்க்காதீர்கள். பல கடைகளில் மறுபடி இலவசமாகப் போடுவார்கள் என்றாலும், கொழுப்புத் துண்டுக்கு அடுத்து வாயைச் சுத்தம் செய்ய அதுதான் வேண்டும்.