படம் பார்க்கும் அறைக்குக் கரும்சாம்பல் சாயம்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பினாங்கு பாயான் லெப்பாஸில் எங்கள் இரட்டை மாடி வீட்டின் பின்னறையில் புரொஜெக்டரும் 100 அங்குலத் திரையும் போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. அறை போட நினைக்கும் உறவுக்காரர்கள் சாய அட்டையை நீட்டி, “எந்த நிறம்ணே?” என்றுதான் கேட்கிறார்கள். சுவரை விடுங்கள், முதலில் சீலிங்கைப் பாருங்கள் என்பேன்.

புரொஜெக்டருக்குக் கறுப்பு ஒளி என்று ஒன்று கிடையாது. வெளிச்சம் படாத திரைதான் அதற்குக் கறுப்பு. தீபாவளிக்குத் தீபாவளி நாம் அடிக்கும் வெள்ளைச் சாயமோ மேலே விழும் ஒளியில் 80 சதவீதம் போலத் திருப்பி அனுப்பிவிடும். சுவர்களுக்குக் கரும்சாம்பல் அடித்ததும் பெயிண்டருக்கு வேறு வேலை வந்துவிட்டதால் எங்கள் சீலிங் கொஞ்ச நாள் வெள்ளையாகவே கிடந்தது. இருட்டுச் சந்துக் காட்சியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்தாலே போதும், தலைக்கு மேல் பளிச்சென்று ஒரு திட்டு. அந்த ஒளி திரையில் விழுந்து, சந்தின் இருட்டு சாம்பலாக வெளிறும். சீலிங்கும் கறுத்த பிறகு அதே காட்சியில் சுவரோரம் நின்ற ஆள் தனியாகத் தெரிந்தார். புரொஜெக்டர் அதேதான்.

அறை முழுக்க அடிக்க வீட்டில் சம்மதிக்கவில்லையென்றால், திரையிலிருந்து ஆறடி தூரத்துக்குச் சீலிங்கையும் இரண்டு பக்கச் சுவர்களையும் மட்டுமாவது அடியுங்கள். பாதிப் பலன் அல்ல, பெரும்பங்கு அங்கேதான். என் அம்மா இன்னும், “வெளக்கு வெச்சாலும் விடியலையேடா” என்றுதான் சொல்கிறார். சாமி மேடை கீழே இருப்பதால் தப்பித்தேன்.

நிறச்சாயல் இல்லாத சாம்பல்தான் பாதுகாப்பு. மெரூன் அழகுதான், ஆனால் அது திருப்பித் தரும் ஒளியும் சிவப்பாகவே இருக்கும். நடிகர்கள் முகத்தில் போய் ஏறும். மிகக் கருத்த நீலம் பரவாயில்லை.

நிறத்தைவிட முக்கியம், சாயம் பளபளப்பே இல்லாத முழு ‘மேட்’ (matte) வகையாக இருப்பது. மினுமினுப்புள்ள சாயம் கறுப்பாக இருந்தாலும் திரையின் மங்கிய பிம்பத்தைச் சுவரில் காட்டும். மாதிரி அடித்துக் காய்ந்ததும் கைப்பேசி டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். பளபளவென்று கோடு ஓடினால் அந்த டின் வேண்டாம். அப்படியே பூச்சுக்காரர் விட்ட மேடுபள்ளமும் அம்பலமாகும்.

இனி தொல்லைகள். மேட் சாயத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். சுவிட்ச் பக்கம் எங்களுக்கு அந்தத் தழும்பு உண்டு. பல்லி எச்சம் வெள்ளைச் சுவரைவிட இதில் நன்றாகவே தெரிகிறது. அக்டோபர் மழையில் வெளிப்பக்கச் சுவரில் உப்புப் பூத்து, கரும்சாம்பலில் வெள்ளைப் பொடியாக நின்றது. கசிவை அடைக்காமல் மேலே சாயம் அடித்தால் மறுபடி உரியும். வெளியே விரிசலைப் பூசிய பிறகுதான் அடங்கியது.

ஒட்டுப்போட மேட் சாயம் வசதி, பழையதோடு கலந்துவிடும். ஆனால் கடையில் மறுபடி கலக்கும்போது நிறம் இம்மி பிசகலாம். மிச்சச் சாயத்தை இறுக மூடி, டின்னின் மேல் நிற எண்ணை எழுதி வையுங்கள்.