நெய்வேலிக்குச் சுண்ணாம்பு, பரங்கிப்பேட்டைக்குக் கடல்நீரா?

கடலூர் மாவட்டத்தில் அனல்மின் நிலையம் என்றால் இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, உள்ளூரில் வெட்டி எடுத்த பழுப்பு நிலக்கரியை எரிக்கும் நெய்வேலி. இன்னொன்று, கப்பலில் வரும் நிலக்கரியை எரிக்கும் பரங்கிப்பேட்டைக் கடலோரம். இரண்டிலுமே எரிபொருளில் இருக்கும் கந்தகம், கந்தக டை ஆக்சைடாகப் புகையோடு வருகிறது. அதைப் பிடிக்கும் முறைகளில் எது சிறந்தது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. மூலப்பொருள் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்று ஊரைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில், எதையும் பிடிக்காமல் உயரமான புகைபோக்கி வழியாக விட்டுவிடுவது. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள மின் உற்பத்தி அலகுகளுக்கு 275 மீட்டர் என்பது பழைய விதி. பக்கத்து ஊரில் நெடி குறையும், உண்மைதான். ஆனால் வாயு எங்கும் மறைந்துவிடுவதில்லை. ஆனி, ஆடியில் மேல்காற்று அடித்தால் நெய்வேலிப் புகை பண்ருட்டி, கடலூர் பக்கம் போகும். வாடை வீசினால் சேத்தியாத்தோப்பு பக்கம் திரும்பும். போகிற வழியில் சல்ஃபேட் நுண்துகளாக மாறி நுரையீரலுக்குள் இறங்கும். 2015 டிசம்பரில் ஒன்றிய அரசு இதற்கு உச்சவரம்பு வைத்தது. 2017 முதல் வரும் நிலையங்களுக்குக் கனமீட்டருக்கு 100 மில்லிகிராம். பழையவற்றில் 500 மெகாவாட்டுக்குக் குறைந்த அலகுகளுக்கு 600, பெரியவற்றுக்கு 200. கெடு பலமுறை தள்ளிப்போனது. கடைசியில் 2025 ஜூலையில், பெருநகரங்களுக்கும் மாசு மிகுந்த பகுதிகளுக்கும் அருகில் இல்லாத பெரும்பாலான நிலையங்களுக்குப் புகைபோக்கி உயரம் சரியாக இருந்தால் போதும் என்று விலக்கு கொடுத்துவிட்டார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. சிறிய ஊரில் இருப்பவருக்கும் அதே நுரையீரல்தான்.

சரி, பிடிக்கும் முறைகளுக்கு வருவோம். உலகம் முழுக்க அதிகம் நடப்பது சுண்ணாம்புக் குழம்பு முறை. சாம்பல் நீக்கிய பிறகும் 120 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் புகை, ஒரு பெரிய கோபுரத்துக்குள் கீழிருந்து மேலே ஏறும். மாவாக அரைத்துத் தண்ணீரில் கலந்த சுண்ணாம்புக்கல் மேலிருந்து அடுக்கடுக்கான குழாய் முனைகள் வழியாக மழைபோலக் கொட்டும். அடியில் இருக்கும் தொட்டியில் காற்றை ஊதிக்கொண்டே கலக்குவார்கள். வாயு அங்கே ஜிப்சமாகப் படியும். 95 சதவீதமும் அதற்கு மேலும் பிடிக்கலாம். கணக்கு இதுதான்: 64 டன் கந்தக டை ஆக்சைடுக்கு 100 டன் தூய சுண்ணாம்புக்கல் வேண்டும், 172 டன் ஜிப்சம் கிடைக்கும், கூடவே 44 டன் கரியமில வாயுவும் வெளியேறும்.

நெய்வேலிக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. பக்கத்திலேயே அரியலூர். சுண்ணாம்புக்கல்லும் அங்கே இருக்கிறது, ஜிப்சம் வாங்கும் சிமென்ட் ஆலைகளும் அங்கே இருக்கின்றன. கல் ஏற்றி வந்த லாரி ஜிப்சத்தோடு திரும்பலாம். விருத்தாசலம் பக்கம் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, காய் பிடிக்கும் பருவத்தில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போடச் சொல்வது வழக்கம். பாதரசமும் மற்ற கன உலோகங்களும் இல்லை என்று சோதித்த பிறகு அங்கும் கொடுக்கலாம். தண்ணீர்தான் இந்த முறையின் பலவீனம். சுரங்கத்துக்காக எப்படியும் நிலத்தடி நீரை இறைக்கிறார்களே, அதையே எடுத்துக்கொள்ளலாம் என்பார்கள். எடுக்கட்டும். ஆனால் இதைக் காட்டி ஒரு சொட்டுகூடக் கூடுதலாக இறைக்கக் கூடாது. சுற்றியுள்ள விவசாயிகளின் கிணறுகள் ஏற்கெனவே படும் பாடு போதும்.

கொதிகலனுக்குள்ளேயே சுண்ணாம்புக்கல்லைப் போட்டு எரிப்பது அடுத்த வழி. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலைய விரிவாக்கத்தின் இரண்டு 250 மெகாவாட் அலகுகளும் இதற்கு ஏற்ற சுழல் பாய்ம அடுக்குக் கொதிகலன்கள்தான்; அதாவது எரிபொருளைக் காற்றில் மிதக்கவிட்டுச் சுழற்றி எரிப்பவை. தனிக் கோபுரமும் வேண்டாம், கழிவுநீரும் இல்லை. ஆனால் கல் கணக்குக்கு இரண்டு மடங்குகூடத் தேவைப்படும், கிடைப்பதும் சாம்பலோடு கலந்த கழிவு. புதிதாகக் கட்டும்போது சரி, ஓடிக்கொண்டிருக்கும் பழைய கொதிகலனை இப்படி மாற்ற முடியாது. சோடா தூவும் முறை, அம்மோனியா முறை என்றும் உண்டு. முதலாவதில் பொருளுக்குத் தொடர்ந்து செலவு. இரண்டாவதில் உரம் கிடைக்கும், ஆனால் அம்மோனியா கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் கடல்நீர். 1988லேயே மும்பை டிராம்பேயில் வந்துவிட்ட முறை. கடல்நீரில் இயல்பாக உள்ள பைகார்பனேட்டே வாயுவைச் சமன்படுத்தும்; கல்லும் வேண்டாம், ஜிப்சமும் வராது. ஒரு கிலோ வாயுவை முழுதாகச் சமன்படுத்த ஏறக்குறைய 13,500 லிட்டர் கடல்நீர் தேவை. நிலையத்தைக் குளிர்வித்துத் திரும்பும் நீரையே பயன்படுத்தலாம் என்பதால் செலவு குறைவு. லிட்டருக்கு 2.7 கிராம் சல்ஃபேட் ஏற்கெனவே உள்ள கடலுக்கு, சேரும் சல்ஃபேட் பெரிய விஷயமில்லை. ஆனால் கோபுரத்தில் இருந்து இறங்கும் நீர் கடும் அமிலம். காற்றூதும் தொட்டியில் அதைச் சரியாகத் தேற்றாமல் விட்டால் மீன் தாங்காது. புகையில் தப்பி வந்த பாதரசமும் அதே நீரில்தான் சேரும்.

பரங்கிப்பேட்டை வெறும் கடற்கரை இல்லை. வெள்ளாற்று முகத்துவாரம் அங்கே, தெற்கே பிச்சாவரம் அலையாத்திக் காடு. அதனால் செலவு கூடினாலும் அந்தக் கரைக்கும் சுண்ணாம்புக் குழம்பையே நான் தேர்ந்தெடுப்பேன். அரியலூர் கல் அங்கேயும் லாரியில் வந்து சேரும். கடல்நீர்தான் என்று முடிவெடுத்தால், நீர் வெளியேறும் வாய்க்காலில் அமிலத்தன்மை, ஆக்சிஜன், பாதரசம் மூன்றையும் அளந்து, மாதாமாதம் மீனவ கிராமங்களில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். அனுமதிக் கடிதத்திலேயே அதை நிபந்தனையாக வைக்க வேண்டும்.