கையடக்க அரசியலமைப்புச் சட்டம்: வாங்கலாம், 368-ஐ மட்டும் கவனியுங்கள்

வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளுகிறவனுக்குச் சட்டப் புத்தகம் கையில் வந்தால் முதலில் தைப்பைத்தான் பார்க்கத் தோன்றும். 180 ரூபாய்க்கு வாங்கிய இந்தத் தமிழ்ப் பதிப்பு நூல் தைப்பு. பிரித்து மேசையில் வைத்தால் மூடிக்கொள்ளாமல் கிடக்கிறது. தாள்தான் மெலிசு. பின்பக்க எழுத்து நிழலாடுவதால் கோர்ட் வராந்தா வெளிச்சத்தில் படிப்பது சிரமம்.

புத்தகத்தின் உயிர் அடிக்குறிப்புகளில் இருக்கிறது. முகவுரையில் 'சமதர்ம', 'சமயச்சார்பற்ற' என்ற சொற்களின் தலையில் ஒரு சிறு எண். கீழே போனால் 42-ஆவது திருத்தம், 3-1-1977 முதல் என்று இருக்கிறது. குடிமக்களின் சுதந்திரங்களைப் பட்டியலிடும் உறுப்பு 19(1)-இல் (உ)வை அடுத்து நேராக (எ) வருகிறது. நடுவில் இருந்த சொத்துரிமையை 44-ஆவது திருத்தம் எடுத்துவிட்ட கதை ஒரே வரியில் முடிகிறது. பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4)-க்கு '1951, முதல் திருத்தம்' என்பதோடு சரி. சாதி, மத வாரியாக இடம் ஒதுக்கிய சென்னை மாகாண வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையடுத்துப் பிறந்த கூறு அது. நம் ஊர்ச் சங்கதி. தமிழில் அச்சிடுகிறவர்கள் இரண்டு வரி கூட்டியிருக்கலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆசைதான்.

குறை, அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்தைச் சொல்லும் உறுப்பு 368-இல் இருக்கிறது. அரசியலமைப்புத் திருத்தத்தை எந்த நீதிமன்றத்திலும் எதிர்த்துக் கேட்க முடியாது என்கிறது கூறு (4). திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பே கிடையாது என்கிறது கூறு (5). நெருக்கடி நிலைக் காலத்தில் 42-ஆவது திருத்தம் நுழைத்த இவ்விரண்டையும் 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதவையாக்கிவிட்டது. ஏட்டில் இருந்து நீக்கப்படாததால் மத்திய அரசின் பதிப்பிலும் அவை அச்சாகின்றன. ஆனால் தீர்ப்பைச் சொல்லும் குறிப்பு அடியில் இருக்கும். இதில் அந்தக் குறிப்பைக் காணோம்.

எழுத்துப் பிழையென்றால் மன்னித்துவிடுவேன். 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்து, 7-க்கு 6 என்ற கணக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் நாடாளுமன்றம் கைவைக்கக் கூடாது என்றார்கள். அந்த வரம்பு சட்ட வாசகத்தில் எங்கும் இல்லை, தீர்ப்பில்தான் இருக்கிறது. குரூப் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை இந்தப் பக்கத்தை மட்டும் நம்பினால், நேர் எதிரானதை மனப்பாடம் செய்துகொண்டு போகும்.

பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். "அடுத்த அச்சில் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்றார்கள். அதுவரை, 'கூறுகள் (4), (5) செல்லாது. மினர்வா மில்ஸ், 1980' என்று நீங்களே ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பென்சில் போதும், பேனா மை மறுபக்கம் ஊறுகிறது.