வாக்குச்சாவடிக்கு ஆள் அனுப்பும் ஏற்பாடு: உள்ளிருந்து ஒரு மதிப்பீடு

2016 சட்டமன்றத் தேர்தலில் முதல்நிலை வாக்குப்பதிவு அலுவலராகவும், அதன் பின்னர் 2019, 2021, 2024 ஆகிய மூன்று தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும் பணியாற்றியவன் என்ற முறையில், வாக்காளர்கள் பெரும்பாலும் கண்டுகொள்ளாத ஒரு சேவையை இங்கே மதிப்பிட விரும்புகிறேன். வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது. அந்த இயந்திரத்துக்குப் பின்னால் உட்காரும் நான்கு பேரை யார், எந்த விதிப்படி அங்கே உட்கார வைக்கிறார்கள் என்பதைப் பற்றி வரிசையில் நிற்பவர்களில் ஒருவரும் என்னிடம் இதுவரை கேட்டதில்லை. சேவையின் தரத்துக்கு அதையே ஒரு சான்றாகக் கொள்ளலாம் என்றாலும், உள்ளே இருப்பவனுக்கு வேறு சில குறைகளும் தெரியும்.

யாரை அழைக்கலாம் என்பதை 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 159ஆம் பிரிவு சொல்கிறது. உள்ளாட்சி ஊழியர், சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்களின் பணியாளர், அரசு நிறுவனங்களின் பணியாளர், அரசு நிதியை முழுமையாகவோ பெருமளவிலோ சார்ந்திருக்கும் அமைப்புகளின் பணியாளர் என்று அந்தப் பட்டியல் விரிகிறது. நான் பணிபுரிவது அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி. ஆகவே எனக்கு ஆணை வருகிறது. எங்கள் பள்ளிக்கு எதிரே உள்ள சுயநிதிப் பள்ளியின் ஆசிரியருக்கு வருவதில்லை. பட்டியல் எப்போதும் இவ்வளவு நீளமாக இருந்ததில்லை. வங்கி ஊழியர்களைக் கட்டாயமாக அழைக்க முடியாது என்று 1990களில் உச்ச நீதிமன்றம் கூறிய பிறகு, 1998ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் மூலம்தான் அது இன்றைய அளவுக்கு விரிந்தது. ஆசிரியர்களைப் பொறுத்தவரை, கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு பிற வேலைகளுக்கு அவர்களை அனுப்பக் கூடாது என்று தடுத்தாலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றுக்கும் வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது.

யாரை அமர்த்தக் கூடாது என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் இருக்கிறது. அதுவே என் மதிப்பீட்டின் மையம். மாவட்டத் தேர்தல் அலுவலர், அந்தத் தேர்தலில் ஒரு வேட்பாளரால் அமர்த்தப்பட்டவரையோ வேறு வகையில் அவருக்காக வேலை செய்தவரையோ தலைமை அலுவலராகவோ வாக்குப்பதிவு அலுவலராகவோ நியமிக்கக் கூடாது. அப்பிரிவு வெளிப்படையாகச் சொல்லும் தகுதியின்மை இது ஒன்றுதான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் இதே பணிக்கு இரண்டு பெரிய கட்சிகளிலிருந்தும் ஆள்களை எடுத்து, ஒருவரை ஒருவர் கண்காணிக்கும்படி ஒரே மேசையில் உட்கார வைக்கிறார்கள். அங்கே கட்சிச் சார்பு ஒரு தகுதி. இங்கே அதுவே விலக்கு. நம்முடைய முறையில் கட்சிக்காரர்களுக்கு வாக்குச்சாவடி முகவர் என்ற தனி நாற்காலி இருப்பதால், மேசையில் இருப்பவர் யாருக்கும் ஆள் இல்லை என்ற நம்பிக்கையில்தான் அறை முழுவதும் இயங்குகிறது.

வியப்பு என்னவென்றால், இந்த ஒரே தகுதியின்மையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. பள்ளி வழியாக ஒவ்வொரு முறையும் நிரப்பிக் கொடுத்த விவரப் படிவத்தில் ஊதிய நிலை, பிறந்த தேதி, வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண், எந்தத் தொகுதியில் வசிக்கிறேன், எந்தத் தொகுதியில் வேலை செய்கிறேன் என்றெல்லாம் கட்டங்கள் இருந்தன. எந்த வேட்பாளருக்காவது வேலை செய்தீர்களா என்ற கட்டம் இல்லை.

கேட்காமல் விட்டதை வேறொரு வழியில் ஈடுகட்டியிருக்கிறார்கள் என்பது மூன்றாவது தேர்தலில்தான் எனக்கு விளங்கியது. ஊழியர் பட்டியல் கணினியில் மூன்று முறை குலுக்கப்படுகிறது. முதல் குலுக்கலில் நீங்கள் தலைமை அலுவலரா, வாக்குப்பதிவு அலுவலரா என்பது மட்டும் முடிவாகிறது. இரண்டாவதில், தேர்தல் பார்வையாளர் முன்னிலையில் குழு அமைந்து, எந்தச் சட்டமன்றத் தொகுதி என்பது தெரிகிறது. நீங்கள் வசிக்கும் தொகுதியும் வேலை செய்யும் தொகுதியும் அதில் வராது. எந்த வாக்குச்சாவடி என்பது மூன்றாவது குலுக்கலில், இயந்திரங்களோடு புறப்படுவதற்குச் சற்று முன்புதான் வெளியாகிறது. வேட்பாளர் ஒருவருக்கு வேண்டப்பட்டவராகவே நான் இருந்தாலும், எந்த ஊருக்குப் போவேன் என்பது முந்தைய நாள் வரை எனக்கே தெரியாதபோது அந்த உறவால் யாருக்கும் பயன் இல்லை. உடன் வருபவர்களும் வெவ்வேறு துறையினர். 2024இல் என் குழுவில் ஒரு நகராட்சி இளநிலை உதவியாளர், ஒரு மின்வாரிய ஊழியர், ஓர் இடைநிலை ஆசிரியை. நால்வரும் அதற்கு முன் சந்தித்ததில்லை. இந்தப் பகுதிக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கத் தயங்க மாட்டேன்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. அதை ஊழியர்தான் கொடுக்கிறார். சொந்தத் தொகுதிக்கு வெளியே அனுப்பப்படும் அலுவலர் சட்டமன்றத் தேர்தலில் அஞ்சல் வாக்குச்சீட்டில்தான் வாக்களிக்க வேண்டும். மக்களவைத் தேர்தலில் அதே மக்களவைத் தொகுதிக்குள் பணி கிடைத்தால், படிவம் 12ஏ கொடுத்துத் தேர்தல் பணிச் சான்று பெற்று, தாம் பணிபுரியும் சாவடியிலேயே இயந்திரத்தில் வாக்களிக்கலாம். 2021இல் பயிற்சி வகுப்பில் கொடுத்த படிவத்தில் பாகம் எண்ணைத் தவறாக எழுதிய சக ஆசிரியர் ஒருவர், அஞ்சல் வாக்குச்சீட்டு கிடைக்காமல் மூன்று அலுவலகங்களுக்கு அலைந்தார். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு வாக்களிக்க உதவிய அவர் அந்தத் தேர்தலில் வாக்களிக்கவில்லை.

26ஆம் பிரிவின் துணைவிதி ஒன்றையும் நான் நேரில் சோதித்துப் பார்க்க நேர்ந்தது. வாக்குப்பதிவு அலுவலர் ஒருவர் இல்லாமல் போனால், சாவடியில் இருக்கும் வேறொருவரைத் தலைமை அலுவலரே அந்த இடத்தில் நியமித்து, மாவட்டத் தேர்தல் அலுவலருக்குத் தெரிவிக்கலாம். அவரும் எந்த வேட்பாளருக்கும் வேலை செய்திராதவராக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. 2019 ஏப்ரல் 18 அன்று பிற்பகல் இரண்டரை மணியளவில், மை வைத்துப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொண்டிருந்த இரண்டாம் அலுவலருக்குச் சர்க்கரை குறைந்து தலைசுற்றிவிட்டது. அவரைப் பக்கத்து வகுப்பறையில் படுக்க வைத்துவிட்டுத் திரும்பினால், வெளியே எண்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். அறைக்குள் இருந்த முகவர்களில் ஒருவர், "சார், மைதானே, நான் வெக்கிறேன்" என்று எழுந்தார். நல்லெண்ணம்தான், ஆனால் சட்டம் முதலில் விலக்குவது அவரைத்தான். அடுத்து என் கண்ணில் பட்டவர் அந்தப் பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். எந்தக் கட்சிக்காவது வேலை செய்தீர்களா அம்மா என்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரருதான் சார் கொடி கட்டப் போவாரு, நான் ஒண்ணுக்கும் போறதில்லை" என்றார்.

சட்டத்தின் சொற்படி அவரை நியமித்திருக்கலாம். விலக்கு வேலை செய்தவருக்குத்தானே தவிர அவருடைய கணவருக்கு இல்லை. என்றாலும், கணவர் கொடி கட்டும் ஊரில் மனைவி விரலில் மை வைப்பதை எதிர்க்கட்சி முகவர் எப்படிப் பார்ப்பார் என்று எண்ணி நான் துணியவில்லை. மூன்றாம் அலுவலரை மை மேசைக்கு மாற்றிவிட்டு, கட்டுப்பாட்டுக் கருவியில் நானே உட்கார்ந்தேன். பல சாவடிகளை மேற்பார்க்கும் மண்டல அலுவலர் அனுப்பிய கையிருப்பு அலுவலர் வந்து சேர நான்கு மணி ஆயிற்று. அந்த ஒன்றரை மணி நேரத்தில் வரிசை நகர்ந்த வேகத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த திட்டுகளைத் தலைமை அலுவலர் நாட்குறிப்பில் எழுத இடமில்லை. பயிற்சி வகுப்பில் இயந்திரத்தைப் பொருத்துவதையும், ஐம்பது வாக்குகளுக்குக் குறையாமல் மாதிரி வாக்குப்பதிவு நடத்துவதையும், பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி நிரப்புவதையும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தத் துணைவிதியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இந்தக் குறை எளிதில் தீர்க்கக்கூடியது என்பதால்தான் அதிகம் உறுத்துகிறது.

மற்றொரு குறை பதவி வரிசை. யாருக்குக் கீழே யார் என்பதை ஊதிய நிலையையும் பதவியையும் கொண்டு தீர்மானிக்க வேண்டும் என்றிருந்தாலும், பட்டியலில் ஏறும் விவரம் பிழையாக இருந்தால் குலுக்கல் அதைத் திருத்தித் தராது. 2016இல் என்னுடன் பயிற்சிக்கு வந்த முதுநிலை ஆசிரியர் ஒருவர், தம்மிடம் படித்து வேலைக்குப் போன இளைஞருக்குக் கீழே இரண்டாம் அலுவலராகப் பணியாற்றினார். இருவருமே அதைச் சிரித்துக் கடந்தார்கள் என்றாலும் எல்லோரும் அப்படிக் கடப்பதில்லை.

தேர்தல் பணியிலிருந்து விலக்குக் கேட்டு மனுச் செய்வதுதான் இந்தச் சேவையின் மிக மோசமான பகுதி. கைக்குழந்தையோடு இருந்த ஆசிரியை ஒருவரை, மருத்துவச் சான்று இணைத்தும் நேரில் வரச் சொல்லி, வெயிலில் அரை நாள் காக்க வைத்தார்கள். கிடைத்ததா இல்லையா என்பது இரண்டாம் பயிற்சிக்கு முந்தைய இரவு வரை அவருக்குத் தெரியவில்லை. இதற்கு ஐந்துக்கு ஒன்றுக்கு மேல் தர முடியாது.

கடமை தவறினால் 134ஆம் பிரிவின்படி அபராதம் ஐந்நூறு ரூபாய் வரை. ஒரு வேட்பாளருக்குச் சாதகமாக அலுவலர் செயல்பட்டால் 129ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. முதலாவதைக் கேட்டுப் பயிற்சி அரங்கில் சிரிப்பு எழும். துறை நடவடிக்கை என்ற சொல் வந்தவுடன் அது அடங்கிவிடும். தேர்தல் முடியும் வரை நாம் தேர்தல் ஆணையத்தின் அயல்பணியில் இருப்பதாக 28ஏ பிரிவு கருதுவதால், அந்தச் சில வாரங்களுக்குத் தலைமையாசிரியரைவிட மண்டல அலுவலரின் அழைப்புக்குத்தான் கைப்பேசியில் முதலிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை தருவேன். விவரப் படிவத்தில், இத்தேர்தலில் எந்த வேட்பாளருக்காகவும் பணியாற்றவில்லை என்ற ஒரு வரியும் அதன் கீழ் கையொப்பத்துக்கு ஓர் இடமும் சேர்த்து, மாற்று அலுவலரைச் சாவடியிலேயே நியமிப்பது எப்படி என்று பயிற்சியில் பத்து நிமிடம் ஒதுக்கினால் அதை நான்கரையாக உயர்த்தத் தயார். விலக்கு மனுக்களின் நிலையைக் குறுஞ்செய்தியில் தெரிவிக்கும் வரை மீதி அரையைக் கையில் வைத்திருப்பேன்.