கிழக்கு வீடா, மேற்கு வீடா? புதுச்சேரிப் பழைய வீடுகளில் பெண்களின் வேலை

புதுச்சேரியில் குடியிருந்தால் பழைய வீட்டில்தான் என்று முடிவானபோது, இரண்டு வீடுகள் வாடகைக்குக் கிடைத்தன. ஊரை இரண்டாகப் பிரிக்கும் கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் பாணி வீடு, மேற்கே தமிழ் வீடு. மேற்கே உள்ளதை எடுத்தோம். காற்றும் வெளிச்சமும் இரண்டிலும் உண்டு. கடலோரம் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், வாடகையும் கூடுதல். சரி, அதெல்லாம் தெரிந்ததுதான். நான் பார்த்தது ஒன்றை: யாருடைய கைகளை நம்பி இந்த வீட்டைக் கட்டினார்கள்?

கிழக்கு வீடு சம்பள ஆட்களை நம்பியது. உயர்ந்த மதில், தோட்டம், தூண் வைத்த நீள வராந்தா. சமையலறை மட்டும் பின்னால் தனிக்கட்டு. புகை துரைசானியை எட்டக்கூடாது. சமையல்காரர், ஆயா, தண்ணீர் சுமப்பவர் என்று ஆட்கள் இருந்தவரை அது நடந்தது. இன்று ஒருத்தியே சமைத்தால் குழம்புச் சட்டியோடு தோட்டத்தைத் தாண்ட வேண்டும். அந்த உயர சன்னல்களைத் துடைக்க ஏணி வேண்டும். அங்கே நான் வாழ்ந்ததில்லை. சுற்றிப் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

மேற்கு வீடு வீட்டுப் பெண்களையே நம்பியது. திண்ணை ஆண்களுக்கு. நடை தாண்டினால் முற்றம். அதை ஒட்டியே அடுப்படி, சாமான் அறை, நெல் குத்தும் இடம், பின்னால் கிணறு. அம்மியில் அரைத்துக்கொண்டே குழந்தையையும் காயும் வடகத்தையும் பார்த்துக்கொள்ளலாம். வசதி வந்த தமிழ்க் குடும்பங்கள் மாடியைப் பிரெஞ்சு பாணியில் கட்டிக்கொண்டன. பிரெஞ்சு ஆட்சிக்கால நாட்குறிப்பு எழுதிய ஆனந்த ரங்கப்பிள்ளையின் மாளிகையில் கீழே மரத்தூண்கள், மேலே வெள்ளைத் தூண்கள். அடுப்படிக்கு மட்டும் இந்த நாகரிகம் சுலபத்தில் இறங்கி வரவில்லை.

இந்த நெருக்கம் சும்மா கிடைத்ததில்லை. மருமகள்கள், கணவனை இழந்த அத்தை என்று கூலி கேட்காத கைகள் அதன் பின்னால் இருந்தன. பாத்திரம் தேய்க்க வந்த பெண் கொல்லை வழியாகத்தான் வர வேண்டும், கிணற்றைத் தொடக்கூடாது என்ற வீடுகளும் இருந்தன. இதை நினைக்காமல் அந்த முற்றத்தை என்னால் ரசிக்க முடியாது. 1936 ஜூலை 30 அன்று இதே ஊரில் உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆலைக்குப் போன பெண்ணுக்குச் சங்கு ஊதினால் வேலை முடிந்தது. அடுப்படியில் நின்றவளுக்கு எந்தச் சங்கும் ஊதவில்லை.

அப்படியிருந்தும் மேற்கு வீட்டை எடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே வேலை எல்லார் கண்ணிலும் படுகிறது. முற்றத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவருக்கு அடுப்படியில் குவிந்த பாத்திரம் தெரியும். எங்கள் வீட்டில் இப்போது முற்றம் கழுவுவது கணவர், துணி உலர்த்துவது மகன். தனிக்கட்டுச் சமையலறை என்றால் இதை நான் ஒவ்வொரு நாளும் கேட்டு வாங்க வேண்டியிருந்திருக்கும்.

குறையும் உண்டு. ஐப்பசி மழை நேராக முற்றத்தில் இறங்கும். சலதாரை அடைத்தால் தாழ்வாரம் வரை தண்ணீர் வரும். ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பது சிரமம். 2011 தானே புயல் போல ஒன்று வந்தால் கூரை எப்படித் தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஆள் வைத்து, நல்ல சம்பளமும் விடுப்பும் கொடுக்க முடிந்தவர்கள் கிழக்கு வீட்டைத் தாராளமாக எடுக்கலாம். எந்த வீடானாலும் முன்பணம் கொடுக்கும் முன், அடுப்படியிலிருந்து தண்ணீர் இருக்கும் இடத்துக்கும் சாப்பிடும் இடத்துக்கும் ஒருமுறை நடந்து பாருங்கள். வீட்டு ஆண்களையும் நடக்கச் சொல்லுங்கள்.