ஹிஸ்டரி அழிச்ச பிறகும் கம்ப்யூட்டர்ல மிஞ்சுறது: கையால அழிக்கறதா, சிக்ளீனரா, பிளீச்பிட்டா?

நான் கடலூர் திருப்பாப்புலியூர்ல வீட்லயே டிடிபி வேலை பாக்குறேன், கல்யாணப் பத்திரிகை, காலேஜ் ரெக்கார்டு, பயோடேட்டா இப்படி. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா தெருப் பசங்க பாதி பேர் டிஎன்இஏ (இன்ஜினியரிங் கவுன்சிலிங்) அப்ளிகேஷன் போட எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க, பாகூர் சித்தி பையன் சென்டாக்குக்குக் (புதுச்சேரி காலேஜ் அட்மிஷன்) கூட இங்க வந்துதான் போட்டான். காசு வாங்கறதில்ல. பசங்க பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணுவேன், அவ்ளோதான்.

போன வருஷம் ஒரு பையனுக்கு இமெயில் கட்டத்துல முதல் எழுத்து அடிச்சேன், கீழ வரிசையா நாலஞ்சு ஐடி வந்து நின்னுச்சு. "அக்கா, இது எங்க கிளாஸ் பொண்ணோட ஐடி ஆச்சே"ன்னான். அடுத்து மொபைல் நம்பர் கட்டம், அங்கயும் அதே மாதிரி நம்பருங்க. சட்டுனு மேல வேற விண்டோவை இழுத்துப் போட்டு மறைச்சேன், ஆனா அவன் எத்தனை நம்பர் பாத்தான்னு யாருக்குத் தெரியும். அன்னைக்குக் காலைலதான் கன்ட்ரோல் ஷிஃப்ட் டெலீட் போட்டு ஹிஸ்டரி எல்லாம் அழிச்சிருந்தேன். நம்மள நம்பி ஒரு பொண்ணு குடுத்த நம்பர் இன்னொரு பையன் கண்ல படுதுன்னா அது சின்ன விஷயம் இல்ல, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. அப்புறம்தான் இதை முழுசா புரிஞ்சுக்கணும்னு உக்காந்தேன்.

எக்ஸ்பி காலத்துல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வெச்சிருந்தவங்களுக்கு இன்டெக்ஸ் டாட் டேட்னு ஒரு ஃபைல் ஞாபகம் இருக்கும். ஹிஸ்டரிய அழிச்சாலும் போன சைட்டு விவரம் அதுக்குள்ள தங்கிடும், அழிக்கப் போனா விண்டோஸே அதைப் பிடிச்சு வெச்சிருக்கும், விடாது. இன்னைக்கும் சில பேர் அதையே தேடுறாங்க. 2012ல எக்ஸ்ப்ளோரர் 10 வந்தப்பவே அதுக்குப் பதிலா வெப்கேஷ்னு தனி டேட்டாபேஸ் ஃபைல் வந்துடுச்சு. இப்ப பெரும்பாலானவங்க ஓட்டுறது குரோம்தான், அதோட சாமான் எல்லாம் ஆப்டேட்டாங்கற மறைஞ்ச ஃபோல்டருக்குள்ள இருக்கு. லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா, டீஃபால்ட்னு உள்ள போனா ஹிஸ்டரின்னு ஒரு ஃபைல் இருக்கும், பேருக்குப் பின்னாடி புள்ளி வெச்சு எதுவும் இருக்காது. பக்கத்துலயே லாகின் டேட்டா, வெப் டேட்டா எல்லாம் தனித்தனியா இருக்கும், குக்கீஸ் மட்டும் இப்ப நெட்வொர்க்ங்கற உள் ஃபோல்டருக்குள்ள. அந்தப் பொண்ணோட ஐடி உக்காந்திருந்தது வெப் டேட்டாவுல. நாம ஃபார்ம்ல அடிக்கிறது பெரும்பாலும் அங்கதான் சேருது, அதனாலதான் ஹிஸ்டரியும் கேஷும் (பாத்த பக்கங்களோட சேமிச்ச காப்பி) போனாலும் அது போகல.

இப்ப என்ன வழி இருக்குன்னு பாப்போம்.

பிரவுசர்லயே அழிக்கறது: இலவசம், பத்து செகண்ட் வேலை. நான் வெச்சிருந்த குரோம் வெர்ஷன்ல பேசிக் பக்கத்துல ஆட்டோஃபில் (ஃபார்ம்ல அடிச்சதை ஞாபகம் வெச்சுக் காட்டறது) கிடையாது, அட்வான்ஸ்டுக்குப் போய் டிக் பண்ணணும், நேரத்தையும் 'ஆல் டைம்'னு மாத்தணும், இல்லன்னா கடைசி கொஞ்ச நேரம் மட்டும்தான் போகும். ஃபயர்பாக்ஸ்லயும் எட்ஜ்லயும் மூடும்போதே தானா அழிச்சுடுற செட்டிங் இருக்கு, ஒரே பிரவுசர்தான் ஓட்டுறேன்னு சொல்றவங்களுக்கு அதுவே போதும்னு நெனைக்கிறேன், ஆனா எட்ஜை நான் மூணு வாரம்தான் ஓட்டினேன், அதனால அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

ஃபோல்டருக்குள்ள போய் கையால அழிக்கறது: எங்க என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க நல்ல வழி, தினமும் பண்ண முடியாது. ஃபயர்பாக்ஸ்ல இன்னொரு ஆபத்து வேற, ஹிஸ்டரியும் புக்மார்க்கும் ப்ளேசஸ்ங்கற ஒரே ஃபைலுக்குள்ள இருக்கு, அதைத் தூக்கினா ரெண்டும் சேர்ந்து போயிடும்.

சிக்ளீனர்: கம்ப்யூட்டர்ல சேர்ற குப்பையை அழிக்கற சாஃப்ட்வேர், எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு, பாக்க லட்சணமா இருக்கும், நானும் ரெண்டு வருஷம் ஓட்டினேன், வேலை செய்யலன்னு சொல்ல மாட்டேன். ஆனா 2017ல அதோட 5.33 வெர்ஷன்ல, 32 பிட்ல, கம்பெனி சைட்ல இருந்து எறங்குற ஃபைலுக்குள்ளயே மால்வேர் நுழைஞ்சு 20 லட்சத்துக்கு மேல கம்ப்யூட்டருங்களுக்குப் போச்சு. அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிட்டாங்கதான், இருந்தாலும் ஊரான் புள்ளைங்க ஆதார் பிடிஎஃப் கெடக்குற மெஷின்ல எனக்கு மனசு ஒப்பல. இன்னொன்னு, குறிச்ச நேரத்துக்குத் தானா ஓடணும்னா காசு கட்டுன வெர்ஷன் கேக்குது.

நான் இப்ப வெச்சிருக்கறது பிளீச்பிட், அதுவும் அதே மாதிரி அழிக்கற சாஃப்ட்வேர்தான். 2008ல இருந்து இருக்கு, ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ், லினக்ஸ் ரெண்டுலயும் ஓடும், இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்ல இருந்தே ஓட்டுற வெர்ஷனும் இருக்கு. பாக்க அழகா இருக்காது, இடது பக்கம் நீளமா டிக் பாக்ஸ் வரிசை, அவ்ளோதான். குரோம்னு போட்டு அதுக்குக் கீழ கேஷ், குக்கீஸ், ஃபார்ம் ஹிஸ்டரி, பாஸ்வேர்ட்ஸ், வேக்யூம்னு தனித்தனியா பிரிச்சிருப்பான். அந்த ஃபார்ம் ஹிஸ்டரிதான் எனக்கு வேண்டியது. அழிக்கறதுக்கு முன்னாடி ப்ரிவ்யூ அமுக்கினா எந்தெந்த ஃபைல் போகப்போகுது, எத்தனை எம்பின்னு முழுப் பாதையோட காட்டும், நான் முதல்ல மெனக்கெட்டு ஒவ்வொரு வரியா படிச்சேன், அப்பதான் பயம் தெளிஞ்சுது. பாஸ்வேர்ட்ஸ்ல மட்டும் டிக் வெக்காதீங்க, வெச்சா எச்சரிக்கை வரும், அதைப் படிக்காம ஓகே குடுத்து எல்லா பாஸ்வேர்டும் போய் நான் ரெண்டு நாள் கஷ்டப்பட்டேன்.

ஆனா நான் இதுக்கு மாறினதுக்குக் காரணம் ஒண்ணே ஒண்ணுதான், தினசரி பராமரிப்பு. அழிக்கறது எல்லாத்துலயும் அழியுது, அதை யாரு ஞாபகம் வெச்சு தினமும் பண்றது? ஜூன் மாசம் வாசல்ல அஞ்சு பேர் நிக்கும்போது, கரன்ட் வேற எப்ப போகும்னு தெரியாதப்போ, ஒவ்வொரு ஆளு எழுந்து போனதும் அட்வான்ஸ்டுக்குப் போய் டிக் பண்ணிட்டு இருக்க முடியாது. பிளீச்பிட்ல கன்சோல்னு தனி ஃபைல் ஒண்ணு கூடவே வரும். குறிச்ச நேரத்துக்கு வேலையை ஓட்டுற விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர்ல அதைச் சேர்த்து, க்ளீன், ப்ரீசெட்னு ரெண்டு வார்த்தையை ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ரெண்டு கோடு போட்டு எழுதிட்டா, நாம ஏற்கனவே டிக் பண்ணி வெச்சதை மட்டும் அது பாட்டுக்கு அழிச்சுடும். எனக்கு ராத்திரி ஒன்பதரைக்கு ஓடுது. பைசா செலவில்ல.

டவுன்லோடு ஃபோல்டரும் இதே கணக்குதான். பசங்க மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாம் வாட்ஸ்அப்ல அனுப்பி அங்கதான் எறக்குவோம், எந்த பிரவுசர் ஹிஸ்டரியை அழிச்சாலும் அந்த ஃபைலுங்க அப்படியே கெடக்கும். இ-ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்ட் பேரோட முதல் நாலு எழுத்தும் பொறந்த வருஷமும்தான், அப்ளிகேஷன்லயே ரெண்டும் இருக்கு, அப்ப அது பூட்டே இல்லன்னு வெச்சுக்கோங்க. நான் 'பசங்க'ன்னு ஒரு ஃபோல்டர் போட்டு, பிளீச்பிட் ப்ரிஃபரன்ஸஸ்ல கஸ்டம்ங்கற இடத்துல அதைச் சேர்த்துட்டேன், அதுவும் அதே நேரத்துக்குக் காலியாகுது. சிக்ளீனர்லயும் இப்படி ஃபோல்டர் சேர்க்கலாம், அதையும் சொல்லிடணும். எக்ஸ்ப்ளோரர்ல வர ரீசன்ட் லிஸ்ட்டையும், பிடிஎஃப்போட குட்டிப் படங்களையும் கூட பிளீச்பிட்ல டிக் பண்ணி வெச்சிருக்கேன்.

குரோம் கெஸ்ட் விண்டோ நல்லதில்லையான்னு கேப்பீங்க. நல்லதுதான், இப்ப பசங்களுக்கு அதுலதான் போடுறேன், மூடினதும் ஹிஸ்டரி, குக்கீஸ் எதுவும் தங்காது. ஆனா எறக்கின ஃபைல் தங்கும், அவசரத்துல கெஸ்ட்டுக்குப் போக மறந்து என் விண்டோவுலயே அடிச்சுடுறதும் நடக்குது. அப்படி மறந்த நாளுக்குத்தான் ஒன்பதரை மணி வேலை.

அழிச்ச ஃபைலை மீட்டு எடுக்க முடியுமான்னா, பழைய ஹார்டு டிஸ்க்கா இருந்தா முடியும், அதுக்கு மேல வேற எதாவது எழுதப்படுற வரைக்கும். என் மெஷின் ஹார்டு டிஸ்க்தான், அதனால பிளீச்பிட்ல மேல எழுதி அழிக்கற ஆப்ஷனையும் போட்டிருக்கேன், கொஞ்சம் லேட் ஆகும். எஸ்எஸ்டியில அது எழுதுற இடத்தையே மாத்தி மாத்தி வெக்கறதால மேல எழுதறதை நம்ப முடியாது.

ஒண்ணு முக்கியம். பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கவங்க இதைப் பாத்து அப்படியே செஞ்சுடாதீங்க, சைபர் கஃபேக்கான 2011 விதிகள்படி கஸ்டமர் எந்தெந்த சைட் போனாங்கங்கற பதிவை ஒரு வருஷமாவது வெச்சிருக்கணும். நான் சொல்றது வீட்டு மெஷினுக்கு.

செட் பண்ணின முதல் வாரம் காலைல வந்து பாத்தா குரோம் பக்கம் எதுவுமே அழியல. குரோமை மூடினாலும் அது பின்னாடி ஓடிட்டே இருந்திருக்கு, பிரவுசர் ஓடும்போது பிளீச்பிட் அதைத் தொடாது. குரோம் செட்டிங்ஸ்ல சிஸ்டம்னு ஒரு பகுதி இருக்கும், அங்க மூடின பிறகும் பின்னணியில ஆப் ஓடட்டும்ங்கற ஆப்ஷனை ஆஃப் பண்ணேன். மறுநாள் காலைல கட்டத்துல ஒரு எழுத்து அடிச்சுப் பாத்தேன், கீழ எதுவும் வரல.